பந்து ஆடிய பெண்களின் பதிவேடு

போன வாரம் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். காலை ஆறே கால் இருக்கும். அந்த நேரத்தில் அங்கே நின்றால் நமக்கு வேண்டிய பஸ்ஸைத் தவிர மற்ற எல்லா பஸ்ஸும் வரும். எல்லாம் கம்பெனி பஸ்கள். வரிசையாக வந்து நின்று, ஒரே நிறச் சட்டை போட்ட பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். எதிர்ப்பக்கம் நீலச் சட்டை போட்ட ஒரு பெண், துப்பட்டாவைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நின்றபடியே பொட்டலத்தில் இருந்த இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது. குப்பைத்தொட்டி டீக்கடை வாசலில், பதினைந்து அடி தள்ளி இருந்தது. அவள் பொட்டலத்தைக் கசக்கி உருட்டினாள், முழங்காலை லேசாக மடக்கினாள், எறிந்தாள். நேராகத் தொட்டிக்குள் விழுந்தது. அது பெரிய விஷயமில்லை. எறிந்த பிறகும் அவள் கை கீழே இறங்கவில்லை. மணிக்கட்டு முன்பக்கம் மடங்கி, விரல்கள் தொங்கியபடி, ஒரு நொடி அப்படியே நின்றது. அப்புறம் ஓடிப்போய் பஸ் ஏறிக்கொண்டாள்.

கூடைப்பந்து ஆடாதவர்களுக்கு அந்தக் கை வராது. பந்து வளையத்தில் விழும்வரை கையை இறக்காதே என்று நான் வருஷக்கணக்காகக் கத்தியிருக்கிறேன். அவள் என்னிடம் படித்தவளா, வேறு யாரிடமாவது படித்தவளா, தெரியாது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. சந்தோஷத்தில் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் பி.டி. டீச்சர். அரசுப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சருக்கு உள்ள மரியாதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் பிரேயருக்கு வரிசை நேராக்க வேண்டும். ரெட்டைச் சடை போடாமல் வந்தவளைப் பிடிக்க வேண்டும். இலவச சைக்கிள் வந்தால் எண்ணி இறக்க வேண்டும். யாராவது டீச்சர் லீவு போட்டால் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்து "சத்தம் போடாதே" என்று சொல்ல வேண்டும். இதற்காகவா ஓடினோம், தாண்டினோம், டிப்ளமோ வாங்கினோம் என்று எனக்கே சிரிப்பு வரும். ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் சேர்ந்தபோது விளையாட்டுச் சாமான் என்று இருந்தது ஒரு கிழிந்த த்ரோபால் வலை, இரண்டு ஸ்கிப்பிங் கயிறு, பூட்டு போட்ட ஒரு பீரோ. பீரோவின் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. உடைத்துத் திறந்தபோது உள்ளே பழைய விடைத்தாள்களும் ஒரு செத்த பல்லியும் இருந்தன.

அப்போதுதான் பக்கத்தில் புதிதாக வந்த கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு ஒரு கூடைப்பந்து கோர்ட் கட்டிக்கொடுத்தார்கள். காருக்குள் ஓடுகிற ஒயர்களையெல்லாம் கத்தை கத்தையாகச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி அது. ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று காட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. ஏன் கூடைப்பந்து என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. ரோட்டை ஒட்டிய இடத்தில் சிமென்ட் தளம் போட்டு, இரண்டு கம்பம் நட்டு, பலகையில் கம்பெனி பெயரை எழுதி, ரிப்பன் வெட்டி, இரண்டு பந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். புது சிமென்டும் புது ரப்பரும் கலந்த அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

அந்தக் கோர்ட்டில் ஒரு கோளாறு இருந்தது. கட்டிய காண்ட்ராக்டர் வளையத்தை இருக்க வேண்டிய உயரத்தைவிட அரை அடி மேலே வைத்துவிட்டார். எனக்கும் அளந்து பார்க்கத் தோன்றவில்லை. ஒரு வருஷம் என் பெண்கள் அந்த உயரத்துக்கே எறிந்து பழகிவிட்டு, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிக்குப் போனார்கள். எறிந்த பந்தெல்லாம் வளையத்தைத் தாண்டிப் பலகையின் உச்சியில் இடித்தது. எதிர் டீமின் டீச்சர் என்னிடம் வந்து, "உங்க புள்ளைங்க மாடியில நிக்கிறவங்களுக்கு போடுறாங்களா மேடம்?" என்றார். அவ்வளவு பேர் நடுவில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் அவருடைய ஃபேக்டரியிலிருந்து ஒரு வெல்டரைக் கூட்டி வந்து வளையத்தை இறக்கிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் வெல்டர் பையன் கையில் பந்தைக் கொடுத்து எறியச் சொன்னோம். அவன் போட்டது முதல் தடவையிலேயே விழுந்தது. பெண்கள் எல்லாரும் அவனை முறைத்தார்கள்.

பெண்களைச் சேர்ப்பது லேசான காரியமாக இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு அம்மாக்கள் முதல் ஷிஃப்ட் வேனில் ஏறிவிடுவார்கள். தம்பிக்குப் பல் தேய்த்துவிட்டு, சோறு வடித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் ஆறரைக்குப் பிராக்டிஸுக்கு வருவாள் ஒருத்தி. இரண்டு ரவுண்டு ஓடினால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவாள். முந்தின ராத்திரியே வேர்க்கடலை ஊறப்போட்டு எடுத்துக்கொண்டு போவேன். அரை டிரவுசர் போட மாட்டோம் என்றார்கள். அம்மாக்கள் வந்து சண்டை போட்டார்கள். "கால் தெரியற மாரி துணி போட்டுகினு தான் பந்து ஆடணுமா மிஸ்? பொடவை கட்டிகினு ஆடக்கூடாதா?" என்று ஒரு அம்மா கேட்டார். கறுப்பு லெகிங்ஸ் வாங்கி உள்ளே போடச்சொல்லி அதைச் சமாளித்தேன். இப்படி ஒவ்வொன்றாகச் சமாளித்து, இரண்டாம் வருஷம் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி தேன்மொழி. பிள்ளைப்பாக்கத்துப் பெண். ஒன்பதாவதிலேயே ஐந்தடி ஏழங்குலம். வகுப்பில் எல்லாரும் அவளைக் கம்பம் என்று கூப்பிடுவார்கள். அதனாலேயே தோளைக் குறுக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, பாதி உயரத்தை எங்காவது ஒளித்துவைக்க முடியுமா என்று பார்க்கிறவள் மாதிரி நடப்பாள். அவளைப் பார்த்ததுமே எனக்கு ஆசை வந்துவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன், அது என் ஆசைதான். இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணாவது பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி வேனில் ஏறாமல், பந்தை வைத்தே சென்னையில் ஒரு காலேஜில் சேர வேண்டும். அது இவளாக இருக்க வேண்டும். அடுத்த நான்கு வருஷம் நான் செய்ததெல்லாம் அதற்குத்தான்.

தேன்மொழிக்கு உயரம் இருந்தது, குரல் இல்லை. கோர்ட்டில் வாயைத் திறந்து "பால்" என்று கேட்காதவளுக்கு யாரும் பந்து போட மாட்டார்கள். எவ்வளவு சொல்லியும் அவளுக்குச் சத்தம் வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. கோர்ட்டின் இந்தக் கோடியில் அவளை நிறுத்தி, "இங்கேர்ந்து ரெண்டு டீ சொல்லு. அவருக்குக் கேக்கணும்" என்றேன். மூன்று நாள் நின்று நின்று அழுதாள். நான்காம் நாள் என்ன வந்ததோ, "அண்ணா, ரெண்டு டீ" என்று ஒரு கத்தல் கத்தினாள் பாருங்கள், பிரேயருக்கு நின்றிருந்த ஆறாம் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டீக்கடைக்காரர் நிஜமாகவே இரண்டு கிளாஸை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். "இன்னா டீச்சர், கிளாஸ்ல இருந்துகினே ஆர்டர் குடுக்கிறீங்க" என்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு விளக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். என் வேலையில் நான் சந்தோஷமாக எழுதிக்கொடுத்த ஒரே விளக்கம் அது.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. அவர் அப்போது ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர். எனக்குச் சொந்த ஊர் மணிமங்கலம், அவருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். அவருக்குப் பேச்சுக்குப் பேச்சு ஃபேக்டரிதான். ஒரு நாள் நான் சோர்ந்து போய், பெண்கள் பத்து நாள் வருகிறார்கள், பத்து நாள் வருவதில்லை, கோட்டில் நின்று வளையத்துக்கு எறிகிற ஃப்ரீ த்ரோ போடச் சொன்னால் ஐந்து போட்டுவிட்டு ஐம்பது போட்டதாகச் சொல்கிறார்கள் என்று புலம்பினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "போர்டு வை. எங்க லைன்ல ஒவ்வொரு மணிக்கும் போர்டுல எழுதுவோம். டார்கெட் எத்தினி, முடிச்சது எத்தினி. எழுதிட்டா போதும், நீ கத்தவே வேணாம். அவங்களே ஓடுவாங்க."

போர்டு வைத்தேன். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கரும்பலகை. பன்னிரண்டு பெயர். தினம் எத்தனை எறிய வேண்டும், எத்தனை விழுந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. ஒரே மாதத்தில் பெண்கள் மாறிப்போனார்கள். ஆறரைக்கு வரச் சொன்னால் ஆறுக்கு வந்தார்கள். காய்ச்சலோடு வந்தாள் ஒருத்தி, தன் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று. நான் அதைப் பார்த்துப் பூரித்துப் போனேன். கூடவே ஒரு பதிவேடும் வைத்தேன். நீள நோட்டு, ஒவ்வொருத்திக்கும் நான்கு பக்கம். பிறந்த தேதி, உயரம், எடை, கையை விரித்தால் எவ்வளவு நீளம், எத்தனை நாள் வரவில்லை, ஏன் வரவில்லை, எல்லாம். கடைசியில் குறிப்பு என்று ஒரு இடம். தேன்மொழிக்கு நான் எழுதியது இப்போதும் மனப்பாடம்: "லீவே போடுவதில்லை. அடிபட்டாலும் சொல்ல மாட்டாள். சொன்னதைத் திருப்பிக் கேட்காமல் செய்வாள்." அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அப்போது தெரியாது.

டீமில் ஜெனிஃபர் என்று ஒரு வாயாடி இருந்தாள். குள்ளம், ஆனால் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது. எதைச் சொன்னாலும் "அது எதுக்கு மிஸ்?" என்பாள். இடது கையால் தட்டு என்றால் எதுக்கு மிஸ். இரண்டு ரவுண்டு ஓடு என்றால் எதுக்கு மிஸ். அவளுக்கு நான் எழுதிய குறிப்பு: "கை வேகம். வாய் அதிகம். எல்லாவற்றுக்கும் காரணம் கேட்பாள்." அதை அவளுடைய குறை என்று நினைத்துத்தான் எழுதினேன்.

தேன்மொழி பிளஸ் டூ படித்த வருஷம் நாங்கள் மாவட்டத்தில் ஜெயித்தோம். பைனலில் கடைசி இரண்டு நிமிஷம் ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். ஜெனிஃபர் கொடுக்க, தேன்மொழி இரண்டு பேரை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பிப் போட்டாள். அவள் "பால்" என்று கேட்ட சத்தம் எனக்கு வெளியே பெஞ்சுவரை கேட்டது. ஆட்டம் முடிந்ததும் சென்னைக் காலேஜ் ஒன்றின் கோச் என்னிடம் வந்தார். "அந்த உயரமான பொண்ணு யாரு மேடம்? பரீட்சை முடிஞ்சதும் ட்ரையலுக்குக் கூட்டிட்டு வாங்க. சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார். தேதி எழுதிய தாளை நான் பர்ஸில் வைத்துக்கொண்டு ஊருக்கு வரும்வரை நான்கு தடவை எடுத்துப் பார்த்தேன்.

ஜெயித்த செய்தி கேட்டு, கோர்ட் கட்டிக்கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு ஹெச்.ஆர். அதிகாரி பன்னிரண்டு ஜோடி ஷூவோடு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு, ரொம்ப மரியாதையான மனிதர். ஷூவைக் கொடுத்து போட்டோ எடுத்து முடிந்ததும் கரும்பலகையைப் பார்த்தார். பக்கத்தில் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "மேடம், இது எங்க லைன் போர்டு மாதிரில்லா இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பதிவேட்டையும் எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இதுல ஒரு காப்பி கிடைக்குமா மேடம்? டீமுக்கு ஏதாவது பெருசா பண்ணலாம்னு மேல பேசுதேன்" என்றார். ஸ்பான்சர் பண்ணப் போகிறார்கள், வெளியூர் டோர்னமென்ட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு நானே ஓடினேன். நாற்பத்தெட்டு பக்கம். ஒரு பக்கம் மங்கலாக வந்தது என்று திரும்பவும் எடுக்க வைத்து, ஸ்பைரல் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தேன்.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒயர் வேலையில் ஆளுயரப் பலகைகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். நின்றபடியே எட்டி எட்டி, மேலே கீழே ஒயரை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் கூடவே நகர வேண்டும். உயரமும், நீளமான கையும், நின்று பழகிய காலும், லீவு போடாத குணமும் உள்ள பெண்கள் கிடைக்காமல்தான் அவர்கள் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார்கள். நான் அளந்து, எடை போட்டு, பிறந்த தேதியோடு எழுதி, ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பரீட்சை முடிந்த நான்காம் நாள் கம்பெனி வண்டி வீடு வீடாகப் போனது. பதினெட்டு நிரம்பிய ஏழு பேரில் ஆறு பேருக்குக் கடிதம். வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலையில் சேர வேண்டும். ட்ரையலும் அதே திங்கட்கிழமைதான். கடிதம் வராத ஏழாவது ஆள் ஜெனிஃபர். அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் முன்னால் நின்று அழுதாள். "என்னை மட்டும் எதுக்கு மிஸ் வுட்டுட்டாங்க?" என்றாள். எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. அவள் இப்போது தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள்.

நான் பிள்ளைப்பாக்கத்துக்கு ஓடினேன். தேன்மொழியின் அப்பா கம்பெனி வேன் ஓட்டுகிறவர், அன்றைக்கு டூட்டியில் இருந்தார். அம்மா கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை, அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சேரை எடுத்துப் போட்டார்.

"நானே வந்து பாக்கணும்னு கீறேன் மிஸ். உங்க புண்ணியத்துல வூடு தேடி வந்து வேல குடுத்துட்டுப் போறாங்க. நீங்க தான் பேரு எழுதிக் குடுத்தீங்கன்னு அந்த சார் சொன்னாரு."

நான் காலேஜைப் பற்றிச் சொன்னேன். சீட்டு இலவசம், ஹாஸ்டல் இலவசம், திங்கட்கிழமை ஒரு நாள் வந்து ஆடிக் காட்டினால் போதும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆடி ஆடி அப்பால இன்னா மிஸ் ஆவும்?"

"படிச்சி முடிச்சா வேலைக்குப் போகலாம். என்னை மாதிரி டீச்சர் ஆகலாம்."

"உங்க ஸ்கூல்ல பி.டி. டீச்சர் எத்தினி பேரு?"

"ஒருத்தர்தான்."

"அந்த ஒண்ணுல நீங்க கீறீங்களே மிஸ்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னார்.

தேன்மொழி கதவுப்பக்கம் நின்றிருந்தாள். தோளைக் குறுக்காமல், நான் சொல்லிக்கொடுத்த மாதிரி நேராக நின்றிருந்தாள். "மிஸ், நீங்க எது சொன்னாலும் செய்றேன்" என்றாள். அவளுடைய அம்மாவும் என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை. வா என்று சொல்லியிருந்தால் வந்திருப்பாள். அம்மாவும் கொஞ்சம் திட்டிவிட்டு அனுப்பியிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. ட்ரையலில் எடுக்காவிட்டால் என்ன செய்வது, எடுத்து மூன்று வருஷம் கழித்து வேலை கிடைக்காவிட்டால் இந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயம். நான்கு வருஷம் அவளை உட்கார், எழு, ஓடு, எறி, கத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஏவியவள் நான். அன்றைக்கு மட்டும் ரொம்பப் பெருந்தன்மையாக "உன் இஷ்டம்மா" என்றேன். இஷ்டம் என்று ஒன்று தனக்கு இருக்கலாம் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை நான் மட்டும் காலேஜுக்குப் போனேன். மனசு கேட்கவில்லை, எப்படியாவது வந்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை. மத்தியானம்வரை மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கோச் இரண்டு தடவை வந்து "பொண்ணு எங்க மேடம்?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். அவளைவிட ஒரு சாண் குள்ளமான பெண்ணை எடுத்தார்கள். நல்ல பெண்தான், நன்றாகத்தான் ஆடினாள். அவளை நான் அவ்வளவு வெறுத்தேன்.

அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது கோர்ட்டில் நாற்பது பெண்கள் நின்றார்கள். அரை டிரவுசருக்காகச் சண்டை போட்ட அதே அம்மாக்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார்கள். பந்து ஆடினால் கம்பெனியில் எடுக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்த நாற்பது பேரில் பந்தின் மேல் கண் உள்ளவள் மூன்று பேர்கூட இல்லை. எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள், லீவு போடாமல் வந்தார்கள், போர்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பந்து உள்ளே விழுகிறதா இல்லையா என்று ஒருத்தியும் கவலைப்படவில்லை. குறுவட்டத்திலேயே முதல் ஆட்டத்தில் தோற்றோம். தோற்ற அன்றைக்கு ஒருத்தியும் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஏப்ரல் வந்ததும் ஹெச்.ஆர். அதிகாரி போன் செய்தார், புது லிஸ்ட் வேண்டும் என்று. நான் தர மாட்டேன் என்றேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, "நம்ம புள்ளைங்களுக்கு ஒரு வழி பொறக்குது. நீங்க எதுக்கு மேடம் குறுக்க நிக்கிறீங்க? உங்களுக்கு கப்பு வேணும்னா அவங்க பட்டினி கிடக்கணுமா?" என்று கேட்டார். லிஸ்டைக் கொடுத்தேன். மூன்று வருஷம் கொடுத்தேன். போகப் போக அவர்களுக்கு எப்படி எழுதினால் பிடிக்கும் என்பதும் பழகிவிட்டது. கால் வலி இல்லை, கண் நன்றாக இருக்கிறது, வீட்டில் தொந்தரவு இல்லை. மாட்டுத் தரகர் பல்லைப் பிடித்துக் காட்டுவாரே, அந்த மாதிரி. ஆனால் ஒன்று, அந்த மூன்று வருஷத்தில் எங்கள் ஸ்கூல் பெண் ஒருத்திகூட வேலை கிடைக்காமல் வீட்டில் உட்காரவில்லை. எந்தப் பக்கம் நின்று இதைப் பார்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அப்புறம் எல்லாம் வேகமாக முடிந்துபோனது. பெண்களை எடுத்தது பயிற்சிக்கு என்றுதான். இரண்டு வருஷம் முடிந்ததும் ஆளுக்கொரு சர்டிபிகேட் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த செட்டை எடுத்தார்கள். பிறகு லைனையே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். எனக்கும் மாற்றல் வந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது பள்ளிக்கூடத்தின் முன்பக்கம் போனது, கோர்ட்டும் போனது. வளையம் இருந்த இடத்தின் மேல் இப்போது கன்டெய்னர் லாரி போகிறது. போன வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். இப்போது இருக்கிற பி.டி. டீச்சர் நல்ல பெண், ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தாள். விளையாட்டு பீரியடில் பிள்ளைகள் மரத்தடியில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். டீம் இருக்கிறதா என்று கேட்டேன். "எந்த டீம் மேடம்?" என்றாள்.

தேன்மொழியை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். பார்த்து ஆறு மாதம் இருக்கும். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் சீட்டில், ஆட்டோ கூரையில் தலை இடிக்காமல் இருக்கக் கழுத்தை மடக்கிக்கொண்டு, மடியில் ஒரு குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். "மிஸ், என்னத் தெர்தா?" என்றாள். தெரியாமல் இருக்குமா. இப்போது ஒரு கோடவுனில் பேக்கிங் வேலையாம், காண்ட்ராக்டில். முட்டி போய்விட்டதாம், ரொம்ப நேரம் நிற்க முடிவதில்லையாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"உங்கள நெனச்சிகினே இருப்பேன் மிஸ். அந்த லிஸ்ட்ல என் பேரத் தான மொதல்ல எழுதினீங்க. அந்த ரெண்டு வருஷம் தான் எங்க வூடு தலை தூக்குச்சு."

அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று பல வருஷமாக நான் வைத்திருந்தேன். அன்றைக்கு உன் வீட்டு வாசலில் நான் வா என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் கோழைத்தனம், என்னை மன்னித்துவிடு என்று. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முன்னால் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"மிஸ், எங்க அக்கா பொண்ணு பிளஸ் டூ எழுதிட்டு வூட்ல கீறா. நல்ல ஹைட்டு. லீவே போட மாட்டா. உங்களுக்கு கம்பெனில தெரிஞ்சவங்க யார்னா இருந்தா அவ பேரையும் குடுத்து வுடுங்க மிஸ்."

இந்தப் பக்கத்து வேறு கம்பெனிகளில் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். ஹேண்ட்பேக்கிலிருந்து பேனாவை எடுத்தேன். பெயர், வயசு, போன் நம்பர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டேன். ஒரகடத்தில் அவள் இறங்கி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முட்டியைத் தாங்கித் தாங்கி நடந்து போனாள். நானும் வீட்டுக்கு வந்து, சமைத்து, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பந்து ஆடத் தெரியுமா என்று நான் கேட்கவே இல்லை.